மக்னாவுக்கு ஒரு மயக்க ஊசி

கைக்குழந்தைக்குத் தடுப்பு ஊசி போட எத்தனை பேர் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள அம்மா; கிலுகிலுப்பை ஆட்டப் பாட்டி; "எனக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள அப்பா. இவ்வளவு ஏற்பாடும் செய்த பிறகும், குழந்தை போடுகிற கூச்சலில் ஆஸ்பத்திரியே அதிர்ந்துபோகிறது.

அந்தக் குழந்தையின் எடை நாலாயிரம் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மடியில் போட்டுக்கொள்ள முடியாது. கிலுகிலுப்பைக்கு மசியாது. கிட்டத்தில் போனவர் திரும்பி வருவார் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஊசி போட்டாக வேண்டும்!

2023-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 5-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தர்மபுரி ஜில்லா பாலக்கோடு பக்கத்தில் இந்தக் காரியத்தைச் செய்து முடித்தார்கள். ஊசி போட்டுக்கொண்டது ஒரு மக்னா யானை. அப்படிப்பட்ட ஊசியில் என்ன இருக்கிறது, அது என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை? இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால், உங்கள் வீட்டு நாய்க்கோ, கிராமத்தில் இருக்கும் பசுவுக்கோ டாக்டர் மயக்க மருந்து கொடுக்கும் நாளில் அது உங்களுக்கும் பயன்படும்.

ராகிக் கொல்லையில் ஒரு விருந்தாளி

தர்மபுரி என்றதும் மாம்பழமும் ஒகேனக்கல் அருவியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அந்த அருவியை ஒட்டிய காவிரிக் கரைக் காடு, ஓசூர் வழியாகக் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா வரையில் தொடர்ந்து போகிறது. அது யானைகளின் ராஜபாட்டை. 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் இந்தப் பக்கத்தில்தான் அமைந்தன.

ஆனால் யானைக்குச் சரணாலயத்தின் எல்லைக்கல் தெரியாது. மழைக்காலம் முடிந்து, ராகிக் கதிர் முற்றும் வாசனைதான் தெரியும். காட்டு ஓரத்துக் குடியானவர்கள் பரண் மேல் உட்கார்ந்து, தகரத்தைத் தட்டி, பட்டாசைக் கொளுத்தி, கண் விழித்துக் காவல் காக்கிறார்கள். விடியற்காலையில் ஐந்து நிமிஷம் கண்ணயர்ந்தால் போதும். ஒரு வருஷப் பாடு போய்விடும். வீட்டில் அடுப்பு எரியுமா என்பது அந்த ஐந்து நிமிஷத்தைப் பொறுத்தது. யானையைக் கோயில் வாசலில் மட்டும் பார்த்துக் கும்பிடுகிற நாம் இதை மறந்துவிடக்கூடாது.

பாலக்கோட்டுக்கு வந்தது ஒரு மக்னா. ஆண் யானைதான், ஆனால் தந்தம் இல்லாதது. தந்தம் இல்லாவிட்டால் சாது என்று எண்ணிவிடாதீர்கள். மக்னாவின் பலம் முழுவதும் தலையிலும் துதிக்கையிலும் இருக்கிறது. வயல்களுக்குள் வந்து பழகிவிட்ட இந்த மக்னாவைப் பிடித்து வேறு காட்டில் விட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நினைத்தவர் நினைத்தபடி இதைச் செய்துவிட முடியாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, யானைக்கு மயக்க ஊசி போட மாநிலத்தின் தலைமை வனவிலங்குப் பாதுகாவலர் எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும்.

துப்பாக்கிதான், ஆனால் குண்டு இல்லை!

எட்ட இருந்து ஊசி போடும் துப்பாக்கியைச் செய்தவர்களில் ஒருவரை நீங்கள் அறியாமலே அறிவீர்கள். நியூஸிலாந்து தேசத்தில் திமாரு என்ற ஊரில் மருந்துக் கடை வைத்திருந்து, மிருக வைத்தியமும் பார்த்த கோலின் மர்டாக் என்பவர் அவர். ஒரு தடவை போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் ஊசியை 1956-ல் உருவாக்கியவரும் அவரேதான். உங்கள் குழந்தை அழுததும் அவரால். யானை அடங்கியதும் அவரால்!

துப்பாக்கியிலிருந்து பறப்பது ஓர் ஊசிக் குழாய். அதன் முன் அறையில் மருந்து. பின் அறையில் அடைத்து வைத்த காற்று. ஊசியின் முனையில் துவாரம் இல்லை, பக்கவாட்டில்தான் இருக்கிறது. அதை ஒரு சிறு ரப்பர் வளையம் மூடியிருக்கிறது. ஊசி தோலில் பாய்ந்ததும் வளையம் பின்னால் நகர்கிறது, துவாரம் திறக்கிறது, பின்னால் இருக்கும் காற்று மருந்தைச் சதைக்குள் தள்ளிவிடுகிறது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். குழாயின் வாலில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு குஞ்சம் இருக்கும். ஊசி பட்டதா, எங்கே பட்டது என்று தூரத்திலிருந்து பார்ப்பதற்காக.

ஊசியைத் தொடையிலோ தோளிலோ, சதை திரண்ட இடமாகப் பார்த்துப் போட வேண்டும். எலும்பில் பட்டால் வீண். கொழுப்பில் நின்றுவிட்டால் மருந்து மெதுவாக இறங்கி, எப்போது வேலை செய்யும் என்றே சொல்ல முடியாமல் போகும். சரியாகப் பட்டாலும் சினிமாவில் வருவது போல யானை அந்த நிமிஷமே சுருண்டு விழுவதில்லை. கால் மணியோ அரை மணியோ ஆகலாம். அதற்குள் அது ஓடுகிற திசையில் ரயில் பாதை இருக்கலாம், கிணறு இருக்கலாம், பள்ளிக்கூடம் இருக்கலாம். ஆகவே ஊசி போடும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வைத்தியம்.

நின்றபடியே உறக்கம்

மயக்கத்தில் மூன்று படிகள் உண்டு. முதல் படியில் பயமும் கோபமும் தணிந்து பிராணி சும்மா இருக்கும். இரண்டாவது படி அரைத் தூக்கம்; தொட்டால் தெரியும், எதிர்க்கத் தோன்றாது. மூன்றாவது, கத்தி வைத்தாலும் தெரியாத முழு மயக்கம். காட்டு யானையைப் பிடிக்கிறவர்கள் விரும்புவது இரண்டாவது படியைத்தான். யானை நிற்க வேண்டும். ஆனால் வம்பு செய்யக்கூடாது.

ஏன் விழக்கூடாது என்று கேட்கிறீர்களா? மற்றப் பிராணிகளுக்கு நுரையீரல், மார்புக் கூட்டுக்குள் ஒட்டாமல் தனியே இயங்குகிறது. யானைக்கு அது மார்புச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. மார்பு தாராளமாக விரிந்தால்தான் மூச்சு. மார்பும் வயிறும் தரையில் அழுந்தும்படி யானை குப்புற விழுந்துவிட்டால், அதன் எடையே அதன் மூச்சை நிறுத்திவிடும். சாய்ந்தே தீருமானால் ஒருக்களித்துத்தான் சாய வேண்டும்.

பசு மாட்டுக்கு இது நேர் தலைகீழ்! மயங்கிய பசுவை ஒருக்களித்துக் கிடக்க விட்டால், வயிற்றில் காற்று சேர்ந்து உப்பிவிடும். அசை போடும் இரை மேலே வந்து மூச்சுக் குழலில் இறங்கிவிடலாம். அதை மார்பின் மேல் நிமிர்த்தி உட்கார வைத்து, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையை அண்டை கொடுக்க வேண்டும். யானையைக் காப்பாற்றுகிற கிடை பசுவைக் கொல்லும். பசுவைக் காப்பாற்றுகிற கிடை யானையைக் கொல்லும்.

மருந்து ஏற ஏற யானையின் காது விசிறுவது நிற்கும், துதிக்கை தளர்ந்து தொங்கும், நடை தடுமாறும். அப்போது இரண்டு பக்கமும் கும்கி யானைகள் வந்து தோள் கொடுத்து நிற்கும். பாகர்கள் இறங்கிப் பின்னங்கால்களில் கயிறு போடுவார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை அது. கண் திறந்தே இருப்பதால், வெயிலும் தூசியும் படாமல், மனிதர்களைப் பார்த்து மிரளாமல், முகத்தில் கறுப்புத் துணி கட்டுவார்கள். யானைக்கு நம்மைப் போல வியர்த்து உடம்பு குளிராது; காதுதான் அதன் விசிறி. அந்த விசிறி நின்றுபோனதால் உடம்புச் சூடு ஏறும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். யானை பிடிக்கும் வேலையைப் பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்குவது இதற்காகத்தான்.

பிறகு கும்கிகள் முட்டித் தள்ளி லாரியில் ஏற்றும். கட்டி முடிந்ததும் மாற்று மருந்து. ஆப்பிரிக்க மரம் ஒன்றின் பட்டையில் கிடைக்கிற யோஹிம்பின் என்னும் சரக்கை யானையின் காது நரம்பில் ஏற்றினால், சில நிமிஷங்களில் மயக்கம் தெளிந்துவிடும். போட்ட ஊசியை எடுக்கவும் ஊசிதான்!

மூன்று சம்பவம், ஒரே வருஷம்

நம் நாட்டில் யானைக்குப் பெரும்பாலும் கொடுப்பது ஸைலஸின். சில சமயம் அதோடு கெட்டமினும் சேரும். ஜெர்மனியில் பேயர் கம்பெனியார் 1962-ல் இரத்தக் கொதிப்புக்கு மருந்து தேடியபோது கிடைத்தது ஸைலஸின். மனிதருக்கு அது உதவவில்லை. கொதிப்போடு ஆளையே அடக்கிவிட்டது. "அப்படியானால் மாட்டுக்கும் குதிரைக்கும் இருக்கட்டும்" என்று மிருக வைத்தியத்துக்கு வந்து சேர்ந்தது. அதே 1962-ல் அமெரிக்காவில் பார்க்-டேவிஸ் கம்பெனிக்காகக் கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற ரசாயன நிபுணர் கெட்டமினைச் செய்தார். அது மனிதருக்கும் ஆகும், பிராணிகளுக்கும் ஆகும்.

அந்த வருஷத்து மூன்றாவது சம்பவம்தான் சோகம். 1962 ஆகஸ்டு 3-ந் தேதி, அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்து மிருகக்காட்சி சாலையில் டஸ்கோ என்ற யானைக்கு ஊசி போட்டார்கள். மயக்க மருந்து அல்ல. மனத்தைப் பேதலிக்கச் செய்யும் எல்.எஸ்.டி. அதனால் யானைக்கு மதம் பிடிக்கிறதா என்று பார்க்க ஆராய்ச்சி! பூனைக்கு இவ்வளவு என்றால் யானையின் எடைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு 297 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் டஸ்கோ சாய்ந்தது. இரண்டு மணி நேரம் ஆவதற்குள் உயிர் போய்விட்டது.

சமையலில் நாலு பேருக்கு ஒரு படி என்றால் நாற்பது பேருக்குப் பத்துப் படி என்று போடலாம். மருந்தில் அந்தக் கணக்குச் செல்லாது. ஸைலஸினையே எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைக்கும் பசுவுக்கும் எடை ஒன்றாகவே இருந்தாலும், குதிரைக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கே பசுவுக்குப் போதும். ஆட்டுக்கும் அது சட்டென்று ஏறிவிடும். பன்றியோ, "இது எனக்கு எம்மாத்திரம்?" என்று நிற்கும். ஒவ்வொரு பிராணிக்கும் உடம்பின் நியாயம் வேறு. அதைப் படித்துத் தேர்ந்தவர்தான் மிருக வைத்தியர்.

மருந்து மருத்துவரையும் சும்மா விடுவதில்லை. ஆப்பிரிக்காவில் யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் எடார்பின் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். அபின் சத்தான மார்பினைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியம் கொண்டது. ஸ்காட்லாந்தில் அதைச் செய்த ஆராய்ச்சிக்கூடத்தில், அந்த மருந்து ஒட்டியிருந்த கண்ணாடிக் குச்சியால் தேநீரைக் கலக்கிக் குடித்தவர்கள் மயங்கி விழுந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்த மருந்தைக் கையாளுகிறவர்கள், தங்களுக்கென்று ஒரு மாற்று ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் புட்டியையே திறக்கிறார்கள்.

குழியும் கெட்டாவும் போன கதை

இந்த மருந்தெல்லாம் வருவதற்கு முன் யானையை எப்படிப் பிடித்தார்கள்? மதராஸ் ராஜதானியில் குழி வெட்டி, இலை தழையால் மூடி வைத்தார்கள். விழுந்ததில் காலொடிந்தவை எத்தனையோ, மாண்டவை எத்தனையோ. மைசூரில் கெட்டா. மேளம் கொட்டி, தீப்பந்தம் காட்டி, மந்தையையே விரட்டி வேலிக்குள் அடைப்பது. பெரிய மனிதர்கள் குடும்பத்தோடு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். காக்கனகோட்டையில் 1971-ல் நடந்ததுதான் மைசூரின் கடைசிக் கெட்டா.

அந்தக் கொடுமையோடு ஒப்பிட்டால் மயக்க ஊசி பெரிய தர்மம். தமிழ்நாட்டில் அதை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. காட்டிலே 'டாக்டர் கே' என்றால்தான் தெரியும். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையைப் படித்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கேரளத்திலும் கூடலூர்ப் பக்கத்திலும் இருபது பேருக்கு மேல் கொன்றதாகச் சொல்லப்பட்ட ஒரு மக்னாவைச் சுட்டுவிட வேண்டும் என்று கேரளத்தில் உத்தரவு பிறந்திருந்தது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்த அதை 1998 ஜூலை 12-ந் தேதி ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். அந்தக் காரியத்தை முன்னின்று நடத்திய டாக்டரின் பெயரையே யானைக்கும் வைத்தார்கள்: மூர்த்தி. முதுமலை தெப்பக்காடு முகாமில் சாதுவாக வாழ்ந்து, 2024 அக்டோபரில்தான் அது கண்ணை மூடியது. டாக்டர் 2002-லேயே மறைந்துவிட்டார். அவர் காப்பாற்றிய உயிர் அவருக்குப் பின் இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தது.

பிடிக்க வந்தவன் யார்?

மறுபடி பாலக்கோட்டுக்கு வருவோம். மக்னாவைப் பிடிக்க ஆனைமலையிலிருந்து வந்த கும்கியின் பெயர் சின்னத்தம்பி. பெயரைக் கேட்டதும் கோவை வாசிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்பு சின்னத்தம்பியே ஒரு குற்றவாளி! தடாகம் பள்ளத்தாக்கில் பயிரை மேய்ந்த காட்டு யானை. 2019 ஜனவரி 25-ந் தேதி ஊசி போட்டுப் பிடித்து, டாப்சிலிப்புக்கு அப்பால் வரகளியாற்றுக் காட்டில் விட்டார்கள். ஒரே வாரத்தில் காட்டை விட்டு இறங்கி, கரும்பும் நெல்லும் விளையும் உடுமலைப்பேட்டைப் பக்கம் வந்துவிட்டான். அவனை விரட்டப் போன கும்கிகளோடு சிநேகம் பிடித்துக்கொண்டு விளையாடினான். "அவனைக் கூண்டில் அடைக்காதே" என்று ஊரே பரிந்து பேசியது. விஷயம் ஹைகோர்ட்டு வரை போயிற்று. கடைசியில் பிப்ரவரி 15-ல் இரண்டாவது தடவை ஊசி, பிறகு மரக்கூண்டு, பிறகு பயிற்சி. அப்படித்தான் அவன் கும்கியானான்.

அந்தச் சின்னத்தம்பி தோள் கொடுக்க, பாலக்கோட்டு மக்னா லாரி ஏறியது. முந்நூறு கிலோ மீட்டருக்கு மேல் பிரயாணம். இறக்கிவிட்ட இடம்? அதே வரகளியாறு!

நடந்தது என்னவென்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். சுமார் இரண்டு வாரத்தில் மக்னா கீழே இறங்கியது. பொள்ளாச்சி வழியாக, கிணத்துக்கடவு வழியாக, மதுக்கரை வழியாக, நூறு கிலோ மீட்டருக்கு மேல் நடந்து கோவை நகரத்து ஓரத்துக்கே வந்து நின்றது. பிப்ரவரி 23-ல் பேரூர்ப் பக்கத்தில் மறுபடி ஊசி போட்டு, மானாம்பள்ளிக் காட்டில் விட்டார்கள். அங்கிருந்தும் இறங்கி, பொள்ளாச்சியை அடுத்த சரளபதி தோப்புகளுக்கு வந்தது. ஜூலை 31-ல் மூன்றாவது தடவை ஊசி. இந்தத் தடவை மழைக்குப் பேர்போன சின்னக்கல்லாறு. ஆறு மாதத்துக்குள் ஒரே யானைக்கு மூன்று மயக்கம்!

யானையின் காலைக் கட்டலாம், கண்ணைக் கட்டலாம், நினைவைக் கட்டும் மருந்தை இதுவரை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை.

இது நம் ஊர் அதிசயம் மட்டுமல்ல. இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோ என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும், பிடித்து வேறு காட்டில் விடப்பட்ட 12 ஆண் யானைகளுக்குக் கழுத்துப் பட்டை மாட்டி, செயற்கைக்கோள் மூலம் கவனித்து 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: வீடு திரும்புகிறவை, அலைந்து திரிகிறவை, புது இடத்தில் தங்குகிறவை. ஊரை மாற்றுவதால் தொல்லை தீரவில்லை. புதிய ஊர்களுக்கும் பரவியது. யானைகளும் அதிகமாக மாண்டன என்பதே அவர்கள் கண்டது. புகுந்த வீட்டுக்குப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கிணற்றடி நினைவு வருவதில்லையா? யானைக்கும் வருகிறது, அது கிளம்பி நடந்துவிடுகிறது.

ஊசியின் விலை

மயக்க ஊசிக்கு விலை உண்டு. சில சமயம் அது உயிர். 2024 பிப்ரவரி 2-ந் தேதி, வயநாட்டு மானந்தவாடி நகரத்துக்குள் புகுந்த 'தண்ணீர்க் கொம்பன்' என்ற யானையை ஊசி போட்டுப் பிடித்துப் பந்திப்பூருக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் அது இறந்துவிட்டது. சில வாரங்களுக்கு முன்புதான் அதே யானையைக் கர்நாடகத்து ஹாசன் ஜில்லாவில் ஒரு தடவை பிடித்து விட்டிருந்தார்கள். அதே ஹாசன் ஜில்லாவில், 2023 ஆகஸ்டு 31-ந் தேதி, காயம்பட்ட யானைக்கு வைத்தியம் செய்வதற்காக ஊசி போடப் போன அனுபவசாலி ஒருவரை அந்த யானையே தாக்கிக் கொன்றுவிட்டது. ஊசி போட்டவுடன் மயக்கம் வராது என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்த இடைவெளியில்தான் எமன் நிற்கிறான்.

ஆகவே, உங்கள் ஊரில் என்றாவது யானையையோ சிறுத்தையையோ பிடிக்கிறார்கள் என்றால், குழந்தைகளை அழைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க ஓடாதீர்கள். கூட்டமும் கூச்சலும் பிராணியின் படபடப்பை ஏற்றும். படபடப்பு ஏறினால் மருந்து சரியாகப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் இன்னொரு ஊசி. ஒவ்வொரு கூடுதல் ஊசியிலும் ஆபத்து ஒரு படி ஏறுகிறது.

உங்கள் வீட்டுக்கு வருவோம்

யானை கற்றுக்கொடுத்த பாடம் வீட்டு நாய்க்கும் பொருந்தும். தீபாவளி வந்தால் நாய் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. பாவமாக இருக்கிறது என்று, மாமனார் சாப்பிடும் தூக்க மாத்திரையில் பாதியைப் பொடித்துச் சோற்றில் பிசைந்து வைக்கிறவர்கள் உண்டு. தயவு செய்து அந்தக் காரியம் மட்டும் வேண்டாம். டஸ்கோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர்கள் கொடுக்கிற மருந்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அஸிப்ரோமஸின் என்ற பழைய மருந்து நாயை அடக்கிப் படுக்க வைத்துவிடும். பார்க்கிறவர்களுக்கு, "அப்பாடா, தூங்குகிறது" என்று தோன்றும். ஆனால் வெடிச் சத்தம் அதன் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். பயமும் அப்படியே இருக்கும். ஓடி ஒளிய மட்டும் உடம்பு இடம் கொடுக்காது. அதனால்தான் வெடிப் பயத்துக்கு அதை மட்டும் கொடுப்பதை இப்போது பல மிருக வைத்தியர்கள் விரும்புவதில்லை. பயத்தையே தணிக்கும் வேறு மருந்துகளைச் சொல்கிறார்கள். "உடம்பை அடக்கும் மருந்தா, பயத்தைப் போக்கும் மருந்தா?" என்று டாக்டரைக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் இராத்திரி போய்க் கேட்காமல், இரண்டு வாரம் முன்னதாகவே கேளுங்கள்.

ஆபரேஷனுக்காக மயக்கம் கொடுக்கப் போகிறார்களா? கடைசியாக எப்போது சாப்பிட்டது, என்ன வயது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறது, முன்பு எப்போதாவது மயக்கம் கொடுத்து அவஸ்தைப்பட்டதா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். "ஒரு வாய் பால்தானே கொடுத்தேன்" என்று மறைத்த பால், மயக்கத்தில் வாந்தியாகி மூச்சுக் குழலில் இறங்கலாம். மூக்கு சப்பையான பக் ஜாதி நாய் வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். விழித்திருக்கும்போதே மூச்சுக்குத் திண்டாடும் ஜாதி அது. பசுவானால், சினையா, எத்தனை மாதம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். ஸைலஸின் கருப்பையைச் சுருங்கச் செய்வதால், நிறைமாதத்தில் கன்று விழுந்துவிடும் அபாயம் உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு வெளிச்சமும் சத்தமும் இல்லாத இடத்தில், வெயிலும் குளிர் காற்றும் படாமல் படுக்க வையுங்கள். பிள்ளைகள் போய் எழுப்பிப் பார்க்க வேண்டாம். நன்றாகத் தெளிந்து, தானாக எழுந்து நடக்கும் வரை தண்ணீர் கூட வைக்காதீர்கள். அரை மயக்கத்தில் இருக்கும் பிராணிக்கு எஜமானியம்மாளைக்கூட அடையாளம் தெரியாது. கடித்தாலும் அது அதன் குற்றமல்ல.

அந்த மார்ச் மாதம்

பாலக்கோட்டு மக்னா லாரி ஏறிப் போன அடுத்த மாதம், 2023 மார்ச் 7-ந் தேதி, அதே தர்மபுரி ஜில்லாவில் மாரண்டஅள்ளிப் பக்கத்தில், ஒரு வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்டிருந்த மின்சாரக் கம்பியில் பட்டு மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. பதினோரு நாள் கழித்து, மார்ச் 18-ந் தேதி, கம்பைநல்லூர் அருகே ஏரிக்கரை மேட்டில் ஏறிய இன்னொரு யானை, தாழ்வாக ஓடிய மின்கம்பியில் தலை பட்டு அங்கேயே விழுந்தது.

இந்த நான்கு யானைகளையும் அந்த மக்னாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஊசியின் அருமையும் தெரியும், அதன் எல்லையும் தெரியும். ஊசி கிடைத்த யானை உயிரோடு லாரி ஏறியது. கம்பி கிடைத்தவை ஏறவில்லை. அந்த மட்டில் ஊசி தர்மம்தான். ஆனால் மக்னா போன பிறகும் ராகி விளைந்துகொண்டுதான் இருந்தது. பாதையில் வேலிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. அடுத்த யானைகள் வந்துகொண்டுதான் இருந்தன.

காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுகிறோம். சூடு தணிகிறது, குழந்தை கண்ணயர்கிறது. அதற்காகத் துணியே மருந்தென்று நாம் எண்ணிவிடுவதில்லை; மறுநாள் காலை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். மயக்க ஊசியும் அந்த ஈரத்துணிதான். அது தருவது கொஞ்ச நேர அவகாசம்.

இனி, "அட்டகாசம் செய்த யானை பிடிபட்டது" என்று பத்திரிகையில் படிக்கும்போது, அப்பாடா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? அது நடந்து வந்த பாதை என்ன ஆயிற்று? பயிரை இழந்த குடும்பத்துக்கு நஷ்ட ஈடு வந்ததா? தாழ்ந்து தொங்கிய கம்பியை உயர்த்திக் கட்டினார்களா? இந்த நாலு கேள்விகளையும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் ஊசி போட்ட டாக்டர்கள் அல்ல. அவர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள்.